விசாவுக்கு எவ்வளவு? இடையில் நிற்பவருக்கு எவ்வளவு?



பாடசாலை விடுமுறை நெருங்கினால் நம்ம ஊர் வட்ஸ்அப் குழுக்களில் போஸ்டர்கள் வரத் தொடங்கிவிடும். தாய்லாந்து ஐந்து நாள், மலேசியா – சிங்கப்பூர் ஏழு நாள், சென்னை ஷொப்பிங் டுவர் என்று வகை வகையாக வரும். அக்குறணை, மடவளை, கட்டுகஸ்தோட்டை, கம்பளை என்று எல்லாப் பக்கமும் இதே கதைதான். போஸ்டரின் அடியில் அநேகமாக இரண்டு சொற்கள் இருக்கும்: "விசா உட்பட". இந்தப் பதிவு அந்த இரண்டு சொற்களைப் பற்றியது. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

போக வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. போக வேண்டும். வருடம் முழுக்க வகுப்பறைக்கும் வீட்டுக்கும் இடையில் ஓடுகிற ஆசிரியர்கள், கடையை ஒரு நாளும் மூடாத வியாபாரிகள், கல்யாணம் முடித்த நாளிலிருந்து குசினியை விட்டு வெளியே வராத உம்மாமார், எல்லோருக்கும் நான்கு நாள் வேறொரு ஊரைப் பார்க்கிற ஆசை இருக்கும். அது பணக்காரர் மட்டும் செய்கிற காரியம் என்று நினைக்கத் தேவையில்லை. நாங்கள் கேட்பது ஒன்றுதான். விசாவுக்கென்று நாம் கொடுக்கிற காசில் எவ்வளவு அந்த நாட்டு அரசாங்கத்துக்குப் போகிறது, எவ்வளவு இடையில் நிற்கிறது என்று தெரிந்துகொண்டு கொடுப்போம்.

காசே கேட்காத இடங்கள்

நம் கடவுச்சீட்டு பலமான கடவுச்சீட்டு இல்லை. அது உண்மை. ஆனாலும் குறுகிய பயணத்துக்கு விசாக் காசு கேட்காத நாடுகள் நமக்கும் இருக்கின்றன. அதை முதலில் தெரிந்துகொள்வோம்.

சிங்கப்பூருக்கு இலங்கையர் சுற்றுலாவாகப் போக விசா தேவையில்லை. போவதற்கு முன் மூன்று நாட்களுக்குள் சிங்கப்பூர் வருகை அட்டையை ஒன்லைனில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. மாலைதீவு எல்லா நாட்டவருக்கும் வந்திறங்கியதும் 30 நாள் விசாவை இலவசமாகத் தருகிறது. தங்குமிடம் பதிவு செய்த ஆதாரமும் திரும்பி வரும் டிக்கட்டும் கையில் இருக்க வேண்டும். பயணத்துக்கு முந்திய 96 மணித்தியாலத்துக்குள் நிரப்பும் அவர்களது பயணிப் படிவமும் இலவசம். நேபாளம் இலங்கை உட்பட சார்க் நாட்டவருக்கு வருடத்தின் முதல் பயணத்தில் 30 நாள் விசாவை இலவசமாகக் கொடுக்கிறது.

தாய்லாந்து 2024 ஜூலை 15 முதல் 93 நாடுகளைச் சேர்ந்தோர் விசா இல்லாமல் 60 நாள் வரை தங்கலாம் என்று அறிவித்தபோது அந்தப் பட்டியலில் இலங்கையும் இருந்தது. 2025 மே 1 முதல் டிஜிட்டல் வருகை அட்டை ஒன்று கட்டாயமானது. அதுவும் இலவசம். இப்படியான சலுகைகள் மாறக்கூடியவை. அதனால் டிக்கட் எடுக்கும் முன் ஒரு தடவை, விமானம் ஏறும் வாரம் இன்னொரு தடவை தாய்லாந்துத் தூதரகத்தின் தளத்தைப் பாருங்கள்.

இப்போது யோசியுங்கள். விசாவே தேவையில்லாத நாட்டுப் போஸ்டரில் "விசா உட்பட" என்று போட்டிருந்தால் அதற்கு என்ன அர்த்தம்? இலவசப் படிவத்தை நிரப்பித் தர ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கினால் அந்தக் காசு எதற்கு? கேட்பதில் பிழை ஒன்றும் இல்லை.

கூகிளில் தேடினால் முதலில் வருவது அரசாங்கத் தளமாக இருக்கும் என்று நம்பவும் வேண்டாம். விளம்பரம் கொடுத்து முன்னுக்கு வருகிற தளங்கள் இருக்கின்றன. நிறம், கொடி, எழுத்து எல்லாம் அரசாங்கத் தளம் போலவே இருக்கும். இலவச அட்டைக்குக் காசு கேட்கும். முகவரியின் கடைசிப் பகுதியைப் பாருங்கள். சிங்கப்பூர் அரசாங்கத் தளங்களில் 'கவ் டொட் எஸ்ஜி' என்றும், இந்திய அரசாங்கத் தளங்களில் 'கவ் டொட் இன்' என்றும் முடியும். அப்படி முடியாத தளத்தில் உங்கள் கார்ட் இலக்கத்தைக் கொடுக்க வேண்டாம்.

இந்தியா: நமக்கு மிகப் பக்கம், படிவம் மட்டும் நீளம்

கண்டிப் பக்கத்திலிருந்து அதிகமானோர் போவது தமிழ்நாட்டுக்குத்தான். கல்யாணத்துக்குப் புடைவை எடுக்க, நாகூருக்கு, சொந்தக்காரரைப் பார்க்க என்று காரணங்கள் நிறைய. இந்தத் தொடர்பு இன்று நேற்று வந்ததல்ல. 1914 இல் தொடங்கிய ரயில் – கப்பல் சேவையில் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குப் போய் அங்கிருந்து சென்னைக்கு ரயில் ஏறியவர்கள் நம் மூத்தவர்களில் இருந்தார்கள். 1964 புயலில் தனுஷ்கோடி அழிந்ததோடு அந்தப் பாதை முடிந்தது. 2023 ஒக்டோபரில் நாகப்பட்டினம் – காங்கேசன்துறை கப்பல் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது.

இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயம் நம் கண்டி நகரத்திலேயே இருக்கிறது. ஆனால் சாதாரணச் சுற்றுலாவுக்கு அங்கே போகவேண்டிய தேவையும் இல்லாமல் போய்விட்டது. 2015 மார்ச்சில் இந்தியப் பிரதமர் மோடி இலங்கை வந்தபோது அறிவித்தபடி, அந்த வருடம் ஏப்ரல் 14 முதல் இலங்கையருக்கு ஒன்லைன் விசா வசதி கிடைத்தது. வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம். நாடு வாரியான கட்டணப் பட்டியல் அதே தளத்தில் இருக்கிறது. அந்தப் பட்டியலைத் திறந்து இலங்கை என்ற வரியைப் பாருங்கள். அதன் பிறகு உங்களிடம் கேட்கப்பட்ட தொகையைப் பாருங்கள். மற்றதை நீங்களே விளங்கிக்கொள்வீர்கள்.

கடந்த விடுமுறைக்கு முன் எங்கள் ஆசிரியர் அறையில் ஆறு பேர் திருச்சிப் பக்கம் போகப் பேசினோம். ஒரு முகவரிடம் விசாக் கட்டணத்தை மட்டும் தனியாக எழுதித் தரும்படி கேட்டோம். "அப்படியெல்லாம் பிரிக்க ஏலா சேர், எல்லாம் சேர்த்துத்தான்" என்றார். அவரிடம் நன்றி சொல்லிவிட்டு, பாடசாலை விட்ட பிறகு ஒரு லெப்டொப்பைச் சுற்றி உட்கார்ந்து நாங்களே ஆறு படிவத்தையும் நிரப்பினோம். அஸர் தொழுகைக்கு முன் முடிந்தது. மிச்சமான காசு அங்கே இரண்டு நாள் ஹோட்டல் அறைக்குப் போதுமாக இருந்தது.

அந்தப் படிவத்தில் நம்மவர்கள் தடுமாறுகிற இடங்களைச் சொல்லிவிடுகிறோம்.

ஒன்று, பெயர். நம் ஆட்களின் 'மொஹமட்' ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதப்பட்டிருக்கும். பிறப்புச் சான்றிதழில் ஒன்று, அடையாள அட்டையில் ஒன்று, கடவுச்சீட்டில் இன்னொன்று. விசாவுக்குக் கடவுச்சீட்டில் உள்ளதுதான் கணக்கு. எழுத்துக்கு எழுத்து அதைப் பார்த்து எழுதுங்கள். குடும்பப் பெயர், மற்றப் பெயர்கள் என்ற பிரிப்பும் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும்.

இரண்டு, படமும் பிரதியும். படம் சதுரமாக, வெள்ளைப் பின்னணியில் வேண்டும். கடவுச்சீட்டின் விபரப் பக்கம் பிடிஎப் ஆக வேண்டும். ஊர்க் கொமியூனிகேஷனில் ஸ்கேன் பண்ணினால் போதும். கடவுச்சீட்டு ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்க வேண்டும், இரண்டு பக்கமாவது வெறுமையாக இருக்க வேண்டும்.

மூன்று, கேள்விகள். பெற்றோரோ பாட்டன் பாட்டியோ பாகிஸ்தான் பிரஜைகளாக இருந்தார்களா என்று கேட்கும். கடந்த மூன்று வருடத்தில் எந்தெந்த சார்க் நாட்டுக்குப் போனீர்கள் என்றும் கேட்கும். மாணிக்கக்கல் வியாபாரத்துக்கோ படிப்புக்கோ பாகிஸ்தான் போய்வந்தவர்கள் நம்மில் இருக்கிறார்கள். அதை மறைக்கச் சொல்லி யார் புத்தி சொன்னாலும் கேட்க வேண்டாம். போய்வந்தது குற்றமல்ல. பொய் எழுதுவதுதான் பின்னால் பிரச்சினையாக வரும்.

நான்கு, எந்த வகை என்பது. வைத்தியத்துக்குப் போகிறவருக்கும் அவரோடு துணைக்குப் போகிறவருக்கும் தனித்தனி விசா வகைகள் இருக்கின்றன. சுற்றுலா என்று போட்டுவிட்டு ஆஸ்பத்திரியில் நாட்கணக்கில் தங்கப் போக வேண்டாம்.

ஐந்து, எந்த வாசலால் போகிறோம் என்பது. ஒன்லைன் விசா குறிப்பிட்ட நுழைவிடங்களில் மட்டுமே செல்லும். பட்டியல் தளத்தில் இருக்கிறது. கப்பலில் போக நினைப்பவர்கள் இதைப் பார்க்காமல் டிக்கட் எடுக்கவே கூடாது.

கடைசியாக, புறப்பட நான்கு நாளாவது இருக்கும்போது விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். ஒரு வாரம், பத்து நாள் முன்பே போட்டுவிட்டால் நிம்மதி. கட்டிய காசு எந்தக் காரணத்துக்கும் திரும்ப வராது.

இவ்வளவுதான். ஓ.எல். ஆங்கிலத்தில் சித்தியடைந்த பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தால் அது நிரப்பும்.

பெரிய நாடுகளின் கணக்கு வேறு

லண்டனில் நானா இருக்கிறார், பாரிஸில் தாத்தாவின் குடும்பம் இருக்கிறது என்று போக விரும்புகிறவர்களுக்கு மலிவு விசா என்ற பேச்சே இல்லை. ஐரோப்பிய ஷெங்கன் விசா 2024 ஜூன் 11 முதல் பெரியவருக்கு 90 யூரோ, 6 முதல் 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு 45 யூரோ. பிரித்தானியப் பார்வையாளர் விசா 2025 ஏப்ரலில் 127 பவுண் ஆனது. பிள்ளைக்கென்று குறைப்பு இல்லை. அமெரிக்கா 2023 ஜூன் முதல் 185 டொலர். உம்மா, வாப்பா, இரண்டு சின்னப் பிள்ளைகள் என்று நான்கு பேர் ஷெங்கனுக்குப் போட்டால் 270 யூரோ. அந்த 2025 கட்டணப்படி பிரித்தானியாவுக்குப் போட்டால் 508 பவுண். மறுத்துவிட்டால் ஒரு சதமும் திரும்ப வராது. கைரேகை கொடுக்க விடியற்காலையில் கண்டியிலிருந்து கொழும்புக்கு வேன் பிடிக்கிற செலவு வேறு.

இந்த இடத்தில்தான் ஆபத்தான ஆலோசனைகள் வருகின்றன. "கணக்கில் ஒரு மாதத்துக்குக் காசு போட்டுக் காட்டுவோம், பிறகு எடுத்துக்கொள்வோம்", "வேலைக் கடிதம் ஒன்று நாங்களே செய்து தருவோம்" என்பார்கள். விண்ணப்பத்தில் ஏமாற்றினார் என்று பிரித்தானியா கண்டுபிடித்தால் பத்து வருடத்துக்குத் தடை போடலாம். தடை வருவது முகவரின் பெயருக்கு இல்லை, கையெழுத்துப் போட்டவரின் பெயருக்கு. உண்மையான சம்பளப் பட்டியல், உண்மையான வங்கிக் கூற்று, திரும்பி வருவதற்குரிய காரணம், இவை சிறிதாக இருந்தாலும் உண்மையாக இருப்பதே மேல். இப்போதைக்குப் போதாது என்று தோன்றினால் ஒரு வருடம் பொறுத்துப் போடலாம்.

நம் நாட்டிலேயே நடந்த பாடம்

விசாக் கட்டணம் ஒன்று, சேவைக் கட்டணம் இன்னொன்று என்று பிரித்துப் பார்க்கச் சொல்வது ஏன் என்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. இலங்கைக்கு வரும் சுற்றுலாப் பயணிகளுக்கு 2012 முதல் அரசாங்கத்தின் ஒன்லைன் முறை இருந்தது. 2024 ஏப்ரலில் அந்த வேலை வெளிநாட்டுக் கம்பனிக் கூட்டு ஒன்றிடம் போனது. 50 டொலராக இருந்த விசாவுக்கு, 75 டொலர் விசாக் கட்டணம், 18.50 டொலர் சேவைக் கட்டணம், 7.27 டொலர் இன்னொரு கட்டணம் என்று மொத்தம் 100.77 டொலர் ஆனது. நாடே கொதித்தது. மே மாதம் அமைச்சரவை மறுபடி 50 டொலருக்கு இறங்கியது. நம் கண்டி மாவட்டத்தின் ரவூப் ஹக்கீம், எம்.ஏ. சுமந்திரன், பாட்டலி சம்பிக்க ரணவக்க ஆகியோர் உயர் நீதிமன்றம் போனார்கள். ஆகஸ்ட் 2 ஆம் திகதி நீதிமன்றம் அந்த முறையை இடைநிறுத்தி, பழைய முறைக்குத் திரும்பும்படி இடைக்கால உத்தரவு கொடுத்தது. உத்தரவு நடைமுறைக்கு வராததால் குடிவரவுக் கட்டுப்பாட்டாளர் நாயகம் செப்டம்பரில் விளக்கமறியலுக்கே போனார்.

வெளிநாட்டுக்காரரிடம் 25 டொலர் மேலதிகமாக வாங்கியதற்கு நாம் பேஸ்புக்கில் பக்கம் பக்கமாக எழுதினோம். நம் ஊர் உம்மா ஒருவரிடம் இலவசப் படிவத்துக்குக் காசு வாங்கும்போது மட்டும் ஏன் வாய் திறப்பதில்லை? 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியதன் அடியை நாம் இன்னும் சுமக்கிறோம். ஒவ்வொரு டொலருக்கும் கணக்குக் கேட்பது கஞ்சத்தனம் இல்லை.

சுற்றுலா விசாவில் வேலைக்குப் போவது

இதைச் சொல்லாமல் விட்டால் பதிவு முழுமையாகாது. மலிவு விசா என்றதும் நம் வீட்டு இளைஞர்களின் மனதில் வருவது சுற்றுலா இல்லை, வேலை. "விசிட்டில் போங்க, அங்க போய் மாத்தலாம்" என்ற ஒரு வசனத்தை நம்பிப் போனவர்கள் எத்தனை பேர்?

2022 இல் சுற்றுலா விசாவில் ஓமானுக்குக் கொண்டுபோகப்பட்ட இலங்கைப் பெண்களின் கதை பத்திரிகைகளில் வந்தது. குற்றப் புலனாய்வுத் திணைக்களம் விசாரித்து, தூதரக அதிகாரி ஒருவர்கூடக் கைதானார். அதற்குப் பின்னர் கம்பியூட்டர் வேலை என்று தாய்லாந்து வரை சுற்றுலாப் பயணிகளாகப் போன நம் நாட்டு இளைஞர்கள், எல்லை தாண்டி மியன்மாரின் மியாவடிப் பக்கம் இணைய மோசடி முகாம்களில் அடைபட்டார்கள். சிலரை மீட்டுக்கொண்டு வர மாதக்கணக்கானது.

சுற்றுலா விசாவில் போகிறவருக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் பதிவு இல்லை, காப்புறுதி இல்லை, வேலை ஒப்பந்தம் இல்லை. சம்பளம் தராவிட்டால் முறையிடவும் வழியில்லை, ஏனென்றால் அங்கே அவர் இருப்பதே சட்டவிரோதம். விசாவுக்குக் காசு வாங்காமல் "போன பிறகு சம்பளத்தில் கழிக்கலாம்" என்று யாராவது சொன்னால், அதைவிட விலை கூடிய விசா உலகத்தில் இல்லை. பிள்ளைகள் பயணம் என்று சொன்னால் திரும்பி வரும் டிக்கட்டை வாங்கிப் பாருங்கள். தங்குமிடத்தின் பெயரைக் கேளுங்கள். பெற்றோரின் கடமை அது.

முகவர்கள் எல்லோரும் மோசமா?

இல்லை. நேர்மையாகத் தொழில் செய்கிறவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். வயதானவர்கள், ஒன்லைனில் காசு கட்ட கார்ட் இல்லாதவர்கள், நேரமே இல்லாதவர்கள் அவர்களிடம் போவதில் தவறில்லை. உழைப்புக்குக் கூலி வாங்குவது ஹலால்தான். அந்தக் கூலி எவ்வளவு என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஆகவே மூன்று விடயங்களைக் கேளுங்கள்: அரசாங்கக் கட்டணம் தனியாக, சேவைக் கட்டணம் தனியாக எழுதிய பற்றுச்சீட்டு. அனுப்பும் முன் நிரப்பிய படிவத்தின் பிரதி. விண்ணப்ப இலக்கம் உங்கள் கையில், உங்கள் சொந்த மின்னஞ்சலில். நேர்மையானவர் மூன்றையும் தருவார். தர மறுத்தால் அடுத்த கடையைப் பாருங்கள்.

அரச ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை. விடுமுறைக் காலமாக இருந்தாலும் வெளிநாடு போக முன்கூட்டியே அனுமதி எடுக்க வேண்டும். அதிபர், வலயக் கல்வி அலுவலகம் என்று கடிதம் நகர நாளாகும். விசாவுக்கு முதல் இதைத் தொடங்குங்கள்.

நாம் என்ன செய்யலாம்?

எங்கள் யோசனை சின்னது. ஒவ்வொரு தவணை விடுமுறைக்கும் முன் இரண்டு சனிக்கிழமை, பாடசாலைக் கணினி அறையிலோ பள்ளிவாசல் நூலகத்திலோ ஓர் உதவி மேசை போடுவோம். இரண்டு ஆசிரியர்கள், ஏ.எல். முடித்து பெறுபேறு வரும்வரை வீட்டில் இருக்கும் நான்கு பிள்ளைகள், ஒரு ஸ்கேனர் போதும். பெண்களுக்குத் தனி நேரம் ஒதுக்கலாம். ஊர் வேறுபாடு, மத வேறுபாடு பார்க்கத் தேவையில்லை. பக்கத்து வீட்டுச் சிங்கள அக்காவுக்கும் தோட்டத்துத் தம்பிக்கும் அதே படிவம்தான்.

விதிகள் கடுமையாக இருக்க வேண்டும். கடவுச்சீட்டை யாரும் வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. யாருடைய ஆவணமும் உதவுகிறவரின் போனில் மிஞ்சக் கூடாது. கார்ட் இலக்கத்தைச் சொந்தக்காரரே அழுத்த வேண்டும். பொய்யான விபரம் ஒன்றைக்கூட எழுத மாட்டோம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். காசு வாங்கக் கூடாது.

வகுப்பறையிலும் செய்யலாம். படிவம் நிரப்புவது ஆங்கிலப் பாடத்தில் ஏற்கனவே இருக்கிறது. கற்பனைப் படிவத்துக்குப் பதிலாக உண்மையான வருகை அட்டையின் அச்சுப் பிரதியைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பாருங்கள். தன் குடும்பத்தின் பெயர்களைக் கடவுச்சீட்டில் உள்ளபடி எழுதப் பழகிய பிள்ளை, நாளைக்கு வங்கிக் கடன் படிவத்தையும் வேலை ஒப்பந்தத்தையும் வாசிக்காமல் கையெழுத்துப் போடாது.

வரும் விடுமுறைக்கு முன் நம் ஊரில் முதல் மேசையைப் போட இன்ஷா அல்லாஹ் நாங்கள் தயார். இடம் தரக்கூடிய பள்ளிவாசல் நிர்வாகத்தினர், நேரம் தரக்கூடிய ஆசிரியர்கள், ஸ்கேனர் இரவல் தரக்கூடிய கடைக்காரர்கள் கீழே எழுதுங்கள். போன விடுமுறையில் தானாக விண்ணப்பித்துப் போய்வந்தவர்கள் எந்த நாட்டுக்கு, எத்தனை நாளில் கிடைத்தது, எவ்வளவு கட்டினீர்கள் என்பதையும் எழுதுங்கள். அடுத்து போகிறவருக்கு அது உதவும்.